பலர் இன்பமும் சிலர் துன்பமும்

அரக்குமாளிகையின் தீயினின்றும் உயிர் தப்பிய பாண்டவர், ஏகசக்கரம் என்னும் ஊரை அடைந்து, ஓர் அந்தணர் இல்லத்தில் உருமாறி வாழ்ந்தனர் என்று மகாபாரதம் கூறுகிறது. அவ்வூர்ப் புறத்தே பகன் என்னும் அரக்கன் ஒருவன் இருந்தான். ஊரை அழிக்காமல் விடுவதற்கு அவன் ஊராரோடு ஓர் உடன்படிக்கை செய்துகொண்டிருந்தான். வண்டி நிறையச் சோறும், இரண்டு எருமைகளும், அவற்றைக் கொண்டு செல்லும் ஓர் ஆளும் அவனுக்கு உணவாக வேண்டும். வீட்டுக்கு ஒருவராக முறை வைத்து அனுப்புதல் வேண்டும். ஊரார் இதற்கு இசைந்தனர். வயல் விளைந்தது, கடைவீதி கலகலப்பாக இருந்தது, பிள்ளைகள் தெருவில் ஆடினர். முறை வந்த வீட்டில் மட்டும் அழுகுரல் கேட்கும். அடுத்த முறை வேறொரு வீட்டிற் கேட்கும்.

பாண்டவர் தங்கியிருந்த வீட்டுக்கே ஒரு நாள் அம்முறை வந்தது. தந்தை தாமே செல்வதாகக் கூறினார். தாய் அதற்கு உடன்படாமல் தான் செல்வதாகச் சொன்னாள். மகள் தன்னை அனுப்புமாறு வேண்டினாள். பேச்சுத் திருந்தாத சிறுமகன், ஒரு புல்லைக் கையிலேந்தி, அதனாலேயே அரக்கனைக் கொன்றுவிடுவதாக மழலை பேசினான். இவர்தம் அழுகையைக் கேட்டு வந்த குந்தி, தன் மக்களுள் ஒருவனை அனுப்புவதாகச் சொன்னாள். அந்தணர் மறுத்துவிட்டார். தம் உயிர் பிழைக்க விருந்தாக வந்தவளின் மகனைப் பலியிடுதல் தகாது என்றார். வீமனது ஆற்றலைக் குந்தி எடுத்துரைத்த பின்னரே ஒருவாறு இசைந்தார். வீமன் சென்றதும் பகன் மாண்டதும் யாவரும் அறிந்தவை.

வகுப்பில் இக்கதையைச் சொல்லுந்தோறும், வீமன் பகனுக்குரிய சோற்றைத் தானே உண்ணும் இடத்தில் மாணாக்கர் நகைப்பர். பகன் முறிந்து வீழும் இடத்தில் ஆரவாரிப்பர். சொல்லும் ஆசிரியன் மனமோ வீமன் புறப்படுவதற்கு முன்னரே தடைப்பட்டு நின்றுவிடும். வீமன் அவ்வூருக்கு வாராதிருப்பின், அவ்வுடன்படிக்கை இன்னும் எத்தனை காலம் நடந்திருக்கும்? ஊரார் போட்ட கணக்கு, எண்ணளவிற் பார்த்தால் பிழையற்றது. ஒருவரைக் கொடுத்தால் ஆயிரவர் வாழ்வர்; கொடாவிடின் ஆயிரவரும் மாள்வர். அவர்கள் கொடியவர் அல்லர், நம்மைப் போன்றவரே.

இக்கணக்கை ஒரு கொள்கையாகவே வகுத்துக் கூறிய அறிஞரும் உண்டு. 1748 முதல் 1832 வரை இங்கிலாந்தில் வாழ்ந்த பெந்தாம் என்பார், பெருந்தொகையினர்க்குப் பேரின்பம் பயப்பதே நற்செயல் என்றார். நாட்டின் சட்டங்களையும் அவ்வளவுகோலாலேயே அளந்தார். கொடிய தண்டனைகள் பலவற்றைக் குறைக்க வேண்டும் என்று அவர் வாதிட்டதற்கும் அவ்வளவுகோலே துணை நின்றது. ஆதலின் அக்கொள்கையை முற்றும் பழித்தல் நேர்மையன்று. நம் நாட்டு வடமொழி நீதி நூல்களிலும், குடியின் பொருட்டு ஒருவனையும், ஊரின் பொருட்டு ஒரு குடியையும், நாட்டின் பொருட்டு ஓர் ஊரையும் விட்டுவிடலாம் என்னும் கருத்துக் காணப்படுகிறது. அந்நீதி அங்கு முடிவதில்லை. ஆன்மாவின் பொருட்டு உலகனைத்தையும் விடுக என்று மேலும் செல்கிறது. அதனை மேடையில் எடுத்துக்காட்டுவோர் பெரும்பாலும் அக்கடைசிப் பகுதியைச் சொல்லாமலே இறங்கிவிடுவர்.

ஏகசக்கரத்து உடன்படிக்கையில் முறை என்று ஒன்று இருந்ததைக் கண்டோம். புதுக்கோட்டை மாவட்டத்தார்க்கு அச்சொல் புதிதன்று. வற்றாத பேராறு பாயாத இந்நிலத்தில் ஆயிரக்கணக்கான கண்மாய்களும் குளங்களுமே உழவுக்கு உயிராய் இருந்து வந்தன. மழை பொய்த்து நீர் குறைந்த காலத்தில், ஊரார் கூடி முறை வைத்து நீர் பாய்ச்சுவர். அப்பொழுது எல்லார் பயிரும் சிறிது வாடும். எவர் பயிரும் முற்றக் கருகாது. தலைமடையில் நிலமுடையவர் தம் முறை கடந்தும் நீரைத் திருப்பிக்கொண்டு, 'கடைமடை கருகினாலும் ஊரின் மொத்த விளைச்சல் குறையவில்லையே' என்று கணக்குக் காட்டுவாராயின், ஊரார் ஒப்புவரோ? மரக்காலால் அளந்து பார்த்தால் அவர் கூற்று மெய்யாகவே இருக்கலாம். ஆயினும் கடைமடைக்காரரின் களத்தில் அம்மரக்காலுக்கு வேலையே இராது.

துன்பம் தவிர்க்க முடியாததாக வருங்கால் அதனைப் பகிர்ந்துகொள்ளுதல் ஒரு வகை. ஒருவர் தாமே முன்வந்து அதனைத் தம் தலைமேல் ஏற்றுக்கொள்ளுதல் மற்றொரு வகை. எல்லை காக்கச் செல்லும் வீரனையும், கொள்ளைநோய்க் காலத்தில் நோயாளியின் அருகே நிற்கும் மருத்துவரையும் நாம் போற்றுவது இதனாலேதான். இவ்விரண்டும் அன்றி மூன்றாவது வகை ஒன்று உண்டு. முறை சுற்றி வாராமல், சில வீடுகளின் வாயிலிலேயே நின்றுவிடுதல் அது. அவ்வீட்டார் முன்வந்தவரும் அல்லர். அவரை எவரும் கேட்டதும் இல்லை. நம் தமிழ்நாட்டிலேயே அத்தகைய வழக்கம் ஒன்று நெடுங்காலம் இருந்தது. அதற்குப் பொட்டுக்கட்டுதல் என்று பெயர்.

கோயில்களில் ஆடியும் பாடியும் பணிபுரிந்த மகளிர் பண்டைக்காலத்தில் இழிவாக எண்ணப்பட்டவர் அல்லர். முதலாம் இராசராச சோழன், தஞ்சைப் பெரிய கோயிலைச் சூழ 400 தளிச்சேரிப் பெண்டுகளைக் குடியேற்றி, ஒவ்வொருவர்க்கும் ஒரு மனையும் ஆண்டுக்கு நூறு கலம் நெல்லும் அளித்தான். அவர்கள் பெயரையும், எந்தக் கோயிலிலிருந்து வந்தவர் என்பதையும் அக்கோயிற் கல்வெட்டு ஒவ்வொன்றாக எடுத்துரைக்கிறது. நம் மாவட்டத்துக் குடுமியான்மலையில் அம்மன் சந்நிதி ஒன்றை எடுப்பித்தவள் உமையாள்வி நாச்சி என்னும் தேவரடியாள். கோயிலுக்குப் பொருள் கொடுத்துத் திருப்பணி செய்யும் செல்வமும் செல்வாக்கும் அவர்களுக்கு இருந்தன என்பது இதனாற் பெறப்படும்.

பின்னாளில் நிலை மாறியது. கோயிலுக்குக் கிடைத்த ஆதரவு குன்றக் குன்ற, அப்பணியைச் செய்த மகளிர் செல்வர் சிலரது கையை எதிர்நோக்க வேண்டியவராயினர். ஏழெட்டு வயதுச் சிறுமியைக் கோயிலுக்கு அழைத்துச் சென்று, இறைவன் பெயரால் அவள் கழுத்திற் பொட்டுக் கட்டுவர். அன்றோடு அவளுக்குத் திருமணம் என்பது இல்லையாயிற்று. வளர்ந்தபின் எவரேனும் ஒரு செல்வரைச் சார்ந்து வாழ்தல் வேண்டும். அவர் கைவிட்டால் அவளுக்காக வழக்குரைப்பார் ஒருவரும் இலர். அவள் வயிற்றிற் பிறந்த மகளுக்கும் அப்பொட்டே காத்திருந்தது.

இதனால் ஊருக்கு உண்டான நன்மைகளையும் கூறவேண்டுமன்றோ? கணவனை இழத்தல் என்பது இல்லாதவள் ஆதலால் அவளை நித்திய சுமங்கலி என்றனர். ஊரார் வீட்டுத் திருமணங்களில் தாலிக்கு மணி கோத்துக் கொடுக்க அவளையே அழைத்தனர். உலா வந்து மீளும் இறைவன் திருமேனிக்குக் கண்ணேறு கழிய அவள் கையாலேயே ஆரத்தி எடுப்பித்தனர். வழியில் அவள் எதிர்ப்பட்டால் நல்ல சகுனம் என்று மகிழ்ந்தனர். திருவிழா இரவுகளில் அவளது சதிரைக் கண்டு களித்தனர். இவ்வளவு மங்கலமும் ஊருக்கு. தாலிக்கு மணி கோத்தவள் தனக்கொரு தாலி கோத்துக்கொள்ளுதல் இல்லை. ஊரில் நூறு வீடு இருந்தாலும், பொட்டுக்கட்டும் முறை அந்த ஒரு தெருவை விட்டு அப்பால் நகரவே இல்லை. அரக்கனுக்கு அஞ்சிய ஏகசக்கரத்தாரிடம் இருந்த நீதி, அரக்கன் இல்லாத ஊர்களில் இல்லாமற் போயிற்று.

இவ்வழக்கத்தை ஒழிக்கச் சட்டமன்றத்தில் எழுந்து நின்றவர் நம் புதுக்கோட்டையில் 1886ஆம் ஆண்டிற் பிறந்தவர். முத்துலட்சுமி ரெட்டி என்னும் அவ்வம்மையாரின் தந்தையார் நாராயணசாமி, மன்னர் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். தாயார் சந்திரம்மாள், பொட்டுக்கட்டும் வழக்கமுடைய குலத்திற் பிறந்தவர். பள்ளிப் படிப்பை முடித்து அம்மையார் கல்லூரியிற் சேர விரும்பியபோது தடை எழுந்தது. அக்குலத்துப் பெண் ஒருத்தி உடன் பயின்றால் ஆண்பிள்ளைகளின் ஒழுக்கம் கெடும் என்றனர் சிலர். பலர் நலத்தின் பொருட்டு ஒருத்தி வெளியே நிற்கவேண்டும் என்னும் அதே கணக்கு இங்கும் வந்தது காண்க. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அதனை ஏற்காது, அவரைச் சேர்த்துக்கொள்ளச் செய்தார். ஆண்பிள்ளைகள் கெடவில்லை. அம்மையார் 1907ஆம் ஆண்டிற் சென்னை மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்து, 1912ஆம் ஆண்டில் மருத்துவப் பட்டம் பெற்று வெளிவந்தார்.

அவர் சென்னைச் சட்டமன்றத்தின் உறுப்பினராகவும் துணைத்தலைவராகவும் அமர்ந்தபின், 1927ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில், சிறுமியரைக் கோயில்களுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தைத் தடுக்க அரசு முற்படவேண்டும் என்னும் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். அவை அதனை ஏற்றது. எனினும் எதிர்ப்பும் எழுந்தது. எதிர்த்தவருள் ஒருவர் திருமயத்தில் 1887ஆம் ஆண்டிற் பிறந்து, அதே மன்னர் கல்லூரியிற் பயின்ற சத்தியமூர்த்தி. நாட்டு விடுதலைக்காகப் பன்முறை சிறை புகுந்து உடல் நலிந்து மறைந்த தீரர் அவர். பிறர் துன்பம் அறியாதவர் அல்லர். ஆயினும் கோயில் வழிபாடும் இசை நாட்டியக் கலைகளும் நம் பண்பாடும் குலைந்துவிடும் என்னும் அச்சம், அவரைப் போன்ற நல்லோர் பலரையும் அந்தப் பக்கத்தில் நிறுத்திவிட்டது. ஒரே மண்ணிற் பிறந்து ஒரே கல்லூரியிற் பயின்ற இருவர், ஒரே கேள்விக்கு இருவேறு விடை கூறினர்.

கலை அழியும் என்னும் அச்சத்தைச் சிறிது ஆராய்வோம். ஒரு கலை உயர்ந்ததாயின், அதனை எல்லார் வீட்டு மக்களும் கற்கலாமே. கற்பவள் மணவாழ்வை இழந்தாலன்றி அக்கலை நிலையாது என்றால், அக்கலையாற் களித்த வீடுகளும் முறைக்கு ஒரு மகளை அனுப்பியிருத்தல் வேண்டும். அவ்வாறு எவரும் அனுப்பியதில்லை. தாம் விரும்பும் பொருளுக்கு விலையைப் பிறர் வீட்டிலிருந்து எடுத்துக் கொடுப்பதைத் தியாகம் என்று நம் மொழியில் யாரும் சொல்லமாட்டார்கள்.

எதிர்ப்பு இன்னொரு திசையிலிருந்தும் வந்தது. பெங்களூர் நாகரத்தினம்மாள் முதலிய அக்குலத்துப் பெண்களே அரசுக்கு விண்ணப்பம் அனுப்பினர். தாங்கள் கல்வியும் கலையும் உடையவர், சொத்துரிமை உடையவர், தங்கள் குலத்தார் அனைவரையும் ஒழுக்கமற்றோர் எனப் பழித்தல் அடாது என்று வாதிட்டனர். தாம் ஈட்டிய பொருளைச் செலவிட்டுத் திருவையாற்றில் தியாகராசருக்கு நினைவாலயம் எழுப்பியவர் நாகரத்தினம்மாள். அவர் சொல்லை எளிதாகத் தள்ளிவிடல் அறமன்று. மற்ற வீட்டுப் பெண்கள் எழுத்தறியாது அடுக்களையில் அடங்கியிருந்த காலத்தில், இவர்கள் நூல்களைக் கற்றனர். தம் பெயரால் நிலம் வைத்திருந்தனர். நன்மை செய்ய வருவோரும், யாருக்கு நன்மை செய்கின்றனரோ அவரது மானத்தைக் கெடுக்கும் சொற்களை வழங்கிவிடுவதுண்டு. அக்குறை அன்றைய சீர்திருத்தப் பேச்சுகளிலும் இருந்தது என்றே கூறவேண்டும்.

ஆயினும் வளர்ந்த ஒருத்தி தன் வாழ்வைத் தானே தெரிந்துகொள்ளுதல் வேறு. ஏழு வயதுக் குழந்தைக்கு ஊரும் உற்றாரும் தெரிந்து முடித்துவிடுதல் வேறு. பொட்டுக்கட்டும் நாளில் அச்சிறுமி புதுப்பாவாடையும் பூவும் கண்டு மகிழ்ந்திருப்பாள். அம்மகிழ்ச்சியை அவளது உடன்பாடு என்று எழுதிக்கொள்ள எந்த நீதிமன்றமும் துணியாது. மேலும், அக்குலத்தின் உள்ளேயிருந்தே மறுகுரலும் எழுந்தது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகச் சென்று இவ்வழக்கத்தை எதிர்த்துப் பேசியதோடு, 1936ஆம் ஆண்டில் அதனைப் பொருளாக வைத்து ஒரு நாவலும் வெளியிட்டார்.

சட்டம் ஒரே நாளில் வந்துவிடவில்லை. முதலில் 1929ஆம் ஆண்டில் ஒரு திருத்தச் சட்டம் வந்தது. கோயிற் பணிக்காக விடப்பட்ட மானிய நிலங்களை அனுபவித்து வந்த பெண்கள், அப்பணியைச் செய்யாமலே நிலத்தை வைத்துக்கொள்ள அது வழி செய்தது. இஃது சிறு செய்தி போலத் தோன்றும். ஆயின் இதன் நுட்பம் பெரிது. 'கட்டு அறுந்தது, போ' என்று சொல்லிச் சோற்றையும் பறித்துக்கொள்ளுதல் விடுதலையாகாது என்பதை அதனை முன்னின்று முயன்ற முத்துலட்சுமி அம்மையார் அறிந்திருந்தார். 1930ஆம் ஆண்டிற் காந்தியடிகள் சிறைப்பட்டபோது அவர் சட்டமன்றப் பதவியைத் துறந்தார். பொட்டுக்கட்டுதலை முற்றும் தடுக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் நிறைவேறியது 1947ஆம் ஆண்டில்தான். அக்காலத்திற் புதுக்கோட்டை தனி அரசாக இருந்தது. 1948ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களிலேயே இந்திய ஒன்றியத்தில் இணைந்து திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதியாயிற்று. தீர்மானம் வந்த ஆண்டிற் பிறந்த குழந்தை, சட்டம் வந்த ஆண்டில் இருபது வயதுப் பெண்ணாகியிருப்பாள்.

பொட்டுக்கட்டும் வழக்கத்தினின்றும் தப்பிய சிறுமியர் சிலர் அம்மையார் வீட்டை நாடி வந்தனர். அவர்களைச் சேர்த்துக்கொள்ள மாணவியர் விடுதிகள் மறுத்தன. அவ்விடுதிகளை நடத்தினவரும் தீயோர் அல்லர். அங்கு முன்னரே தங்கியிருந்த பல மாணவியரின் நற்பெயரைக் காக்க எண்ணினர், அவ்வளவே. அம்மையார் அச்சிறுமியரைத் தம் வீட்டிலேயே தங்கவைத்தார். பின்னர்ச் சென்னை அடையாற்றில் விளங்கிய ஔவை இல்லத்தின் தொடக்கம் அதுவே. புற்றுநோய் மருத்துவமனை 1954ஆம் ஆண்டில் அதே அடையாற்றில் அவர் முயற்சியால் எழுந்தது. அது தனிக் கதை.

சட்டம் நிறைவேறியதோடு இந்த ஆராய்ச்சி முடிந்துவிடின் எழுதுவதற்கு எளிதாக இருக்கும். அவ்வாறு முடியவில்லை. சட்டத்துக்குச் சிறிது முன்பே சதிர் என்னும் பெயர் மறையத் தொடங்கிப் பரதநாட்டியம் என்னும் பெயர் பரவிற்று. 1936ஆம் ஆண்டில் உருக்மிணி தேவி அம்மையார் கலாசேத்திரத்தைத் தோற்றுவித்தார். முன்பு அவ்வாட்டத்தின் பெயர் கேட்டாலே முகஞ்சுளித்த வீடுகளின் பெண்மக்கள் அதனைப் பயின்றனர்; நாடும் உலகும் அவர்களைப் போற்றின. கலை அழியவில்லை, எதிர்த்தவர் அச்சம் பொய்யாயிற்று. இஃது நன்றே. ஆனால் தலைமுறை தலைமுறையாக அக்கலையைத் தம் உடம்பில் வைத்துக் காத்தவர்கள் எங்கே போயினர்? பாலசரசுவதியைப் போன்ற ஒருசிலர் அரங்கில் நிலைத்து நின்றனர். எண்ணற்றவர், தாம் யார் மகள் என்பதையும் தமக்கு ஆடத் தெரியும் என்பதையும் வெளியிற் சொல்ல அஞ்சி ஒதுங்கினர். முன்பு ஊரின் மங்கலத்துக்காக அவர்களைக் கட்டினர். பின்பு ஊரின் நற்பெயருக்காக அவர்களை மறந்தனர். இரண்டு முறையும் கணக்குப் போட்டவர்கள் வேறு, கழிக்கப்பட்டவர்கள் அவர்களே.

இதனை நம் மாவட்டத்து விராலிமலையிலே காணலாம். அங்குள்ள முருகன் கோயிலுக்குப் பொட்டுக்கட்டப்பட்டவர் முப்பத்திருவர். அவருள் ஒருவரான முத்துக்கண்ணம்மாள் தம் ஏழாம் வயதிற் பொட்டுக்கட்டப்பெற்றவர். நாள்தோறும் மலையேறி இறைவன் திருமுன் பாடி ஆடி வந்த அவரது பணி, சட்டத்தோடு நின்றது. அதனோடு வருவாயும் நின்றது. ஆயினும் சதிரை அவர் மறக்கவில்லை; கேட்டு வந்தவர்க்குக் கற்பித்தார். 2022ஆம் ஆண்டில், முதுமைக் காலத்தில், அவருக்கு இந்திய அரசு பத்மஸ்ரீ விருது அளித்தது. முருகனுக்குச் செய்த பணியை அவர் எந்நாளும் பெருமையோடே பேசினார்; பட்ட வறுமையையும் மறையாமற் பேசினார். அவ்விரண்டில் ஒன்றை மட்டும் கேட்டுக்கொண்டு மற்றொன்றை விட்டுவிட நமக்கு உரிமையில்லை.

விராலிமலைக்குச் செல்லும் மாணவர்கள் அங்கு உலவும் மயில்களைக் கண்டு மகிழ்வர். மேலே ஏறுவதற்கு இருநூற்றுக்கு மேற்பட்ட படிகள் உண்டு. வெயில் ஏறுமுன் ஏறிவிடுதல் நலம். பெரியவர்களும் இடையில் ஓரிடத்தில் நின்று இளைப்பாறியே செல்வர். அங்கு நிற்கும்போது கீழே ஊரைப் பார்க்கலாம். வீடுகள் நெருங்கித் தோன்றும். அவ்வீடுகளுள் எந்தெந்த வீட்டு வாயிலில் முறை நின்றது என்பதை அவ்வூர்ப் பெரியோரிடம் கேட்டறிக.